படகு ஓடும் நீரில் எந்த மிதவை நிமிர்ந்து நிற்கும்? குழல், ஸ்பூல், கொடி: வாங்குவோருக்கான மதிப்பீடு

20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் படகு நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் கடக்கிறது. நூறு மீட்டர் தொலைவில் ஏதோ ஒன்று ஓட்டுநரின் கண்ணில் பட்டால், அது என்னவென்று புரிந்துகொண்டு படகைத் திருப்ப அவருக்குப் பத்து நொடிகூட முழுதாகக் கிடைக்காது. காற்றுச் சிலிண்டரோடு மூழ்கிவிட்டு மேலே வந்துவிட்ட டைவரின் தலையோ நீருக்கு மேல் ஒரு சாண் உயரம்தான் தெரியும். அரை மீட்டர் அலை இருந்தால் அந்தச் சாணும் பாதி நேரம் மறைந்து போகும். சூரியன் எதிரே இருந்தாலும், வேகமெடுக்கும்போது படகின் மூக்கு தூக்கிக்கொண்டாலும், ஓட்டுநருக்கு முன்னால் கிடக்கும் தண்ணீரே சரியாகத் தெரியாது.

கீழே இருப்பவர் பாடும் சுலபமில்லை. இன்ஜின் சத்தம் நன்றாகக் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து என்றுதான் தெரியாது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது. காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் அவ்வளவு சுருங்கிவிடுவதால் திசை பிடிபடுவதில்லை. பாய்மரப் படகும் மின்மோட்டார் படகும் அந்தச் சத்தத்தைக்கூடக் கொடுக்காமல் தலைக்கு மேல் வந்துவிடும். ஆகவே படகுப் போக்குவரத்து உள்ள நீரில், "சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம்" என்பது ஒரு திட்டமே அல்ல. நாம் இருக்கும் இடத்தை மேலே இருப்பவருக்குக் காட்டியே ஆக வேண்டும்.

அதற்காகக் கடையில் கிடைப்பவை காற்றூதி நிமிர்த்தும் குழல் மிதவை (டைவர்கள் எஸ்எம்பி என்பது, ஆழத்திலிருந்து மேலே அனுப்பினால் டிஎஸ்எம்பி), அதன் கயிற்றைச் சுற்றி வைக்கும் ஸ்பூல் அல்லது ரீல், கொடி கட்டிய இழுவை மிதவை, விசில், ஹாரன், விளக்கு, மின்னணு பீக்கன். இவற்றை மதிப்பிட நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: தலை மேலே வரும் முன்பே, நீருக்கு மேல் எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் இது நேராக நிற்கும்? நிறம், பை, பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படகில் கொடி கட்டியிருக்கிறதே, குழல் எதற்கு?

இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் முதலில் ஒரு கணக்கு. 18 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் ஏறி, 5 மீட்டரில் வழக்கமான பாதுகாப்பு நிறுத்தமாக மூன்று நிமிடம் நின்றால் மொத்தம் ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து நிமிடம். ஒரு நாட் நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் தள்ளும். நாலரை நிமிடம் என்றே வைத்தாலும் சுமார் 140 மீட்டர். அமெரிக்காவின் ஃபுளோரிடா சட்டம் திறந்த நீரில் டைவரின் கொடியைச் சுற்றி 300 அடியும் (91 மீட்டர்), ஆறு, முகத்துவாரம், கப்பல் வழிகளில் 100 அடியும் எல்லையாக வைத்து, அதற்குள் வரும் படகு மிக மெதுவாகத்தான் போக வேண்டும் என்கிறது. நங்கூரமிட்ட படகிலிருந்து இறங்கி, ஓட்டத்தோடு ஏறும் டைவர் மேலே வரும்போது அந்தப் பெரிய வட்டத்துக்கும் வெளியே இருப்பார். சட்டத்தை மதிக்கும் நல்ல ஓட்டுநர்கூட அந்த இடத்தில் முழு வேகத்தில் போக உரிமை உள்ளவர். படகில் உள்ள கொடி படகைக் காக்கிறது. டைவருக்குத் தன் தலைக்கு நேர் மேலே ஓர் அடையாளம் வேண்டும்.

குழல்: நீளத்தைவிட அகலத்தைப் பாருங்கள்

விற்பவர்கள் நீளத்தைச் சொல்லித்தான் விற்பார்கள். 1.2 மீட்டர், 1.4 மீட்டர், 1.8 மீட்டர் என்று. ஆனால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை முடிவு செய்வது குழலின் கொள்ளளவும் நீங்கள் அதில் போடும் காற்றும். கொள்ளளவை டேப் வைத்தே கண்டுபிடிக்கலாம். குழலைத் தட்டையாக விரித்து அகலத்தைச் செ.மீ.யில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 3.14ஆல் வகுத்து, நீளத்தால் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். 15 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ளது சுமார் 8.5 லிட்டர். 18க்கு 140 என்றால் 14 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 23க்கு 180 என்றால் 30 லிட்டர்.

இப்போது ஒரு மூச்சுக் காற்றை எடுத்துக்கொள்வோம். நல்ல நீண்ட வெளிமூச்சு 3 முதல் 4 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார். அங்கே ஊதிய காற்று மேலே வரும்போது மூன்று மடங்காகும், அதாவது 9 முதல் 12 லிட்டர். 6 மீட்டரில் அழுத்தம் 1.6 பார்தான், அதே மூச்சு மேலே 5 முதல் 6.5 லிட்டர் ஆகும். கீழிருந்து கயிற்றை 2 கிலோ விசையில் இழுத்துப் பிடித்தால் குழலில் 2 லிட்டர் அளவு நீருக்குள் போய்விடும். மிச்சம் இருக்கும் காற்றுதான் நிற்கும் உயரம்.

18 செ.மீ. குழல் ஒரே மூச்சில் 20 மீட்டரிலிருந்து போனால் நீருக்கு மேல் 70 முதல் 95 செ.மீ. வரை நிற்கும். அதே மூச்சில் 23 செ.மீ. பெரிய குழல் நிற்பது 40 முதல் 60 செ.மீ.தான். 6 மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் அனுப்பினால் பெரிய குழல் 25 செ.மீ. தாண்டினாலே அதிகம், மீதி ஒன்றரை மீட்டர் துணி நீருக்குள் துவண்டு தொங்கும். நீளமான குழல் வாங்கினால் தூரத்திலிருந்தே தெரியும் என்று நம்பி வாங்குபவருக்கு உண்மையில் கிடைப்பது ஒரு தொப்பி அளவு ஆரஞ்சு நிறம். பெரிய குழலில் குறையில்லை. அது ஆழத்திலிருந்து, இரண்டு மூன்று மூச்சுக் காற்றோடு போக வேண்டிய பொருள். திறந்த கடலில், ஓட்டம் மிகுந்த இடத்தில், தொலைவில் நிற்கும் படகு உங்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய சூழலில் அதுதான் சரி. ஏரி, ஆறு, துறைமுகத்தை ஒட்டிய நீர், கரையோரப் பாறை என்று மற்றப் படகுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற இடங்களுக்கு எங்கள் தேர்வு 18 செ.மீ. அகலம், 130 முதல் 150 செ.மீ. நீளம்.

15 செ.மீ. குட்டிக் குழலை இழிவாகப் பேசுவோர் உண்டு. பத்து மீட்டருக்கு மேல் போகவே போகாத, 5 மீட்டரில்தான் எப்போதும் குழல் அனுப்புகிற ஒருவருக்கு, ஒரு மூச்சுக்கு அதிக உயரம் தருவது அதுதான். குறை என்னவென்றால் ஊதிய பின் விட்டம் பத்து செ.மீ.கூட இல்லை, காற்றடித்தால் வளையும், தூரத்தில் கோடு மாதிரித்தான் தெரியும்.

அடி திறந்ததா, மூடியதா

அடி முழுக்கத் திறந்த குழல்தான் மலிவு, பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் கையில் கொடுப்பதும் அதுவே. ஊத எளிது. மிகையாக ஊதினாலும் கீழ் வாய் வழியே வெளியேறிவிடும், வெடிக்காது. ஆனால் கயிறு ஒரு நொடி தளர்ந்து குழல் சாய்ந்தால் அதே வாய் வழியாகக் காற்று போய்விடும். ஐந்து மீட்டரில் நிற்கும் டைவருக்கு இது தெரியவும் தெரியாது. கயிறு லேசாகிவிட்டதை உணர்ந்து அவர் மேலே பார்க்கும்போது குழல் சுருண்டு கீழே இறங்கிக்கொண்டிருக்கும். படகு ஓடும் நீருக்கு இதை வாங்க வேண்டாம். 

அடுத்தது, வாய் உள்பக்கம் மடிந்து தானே மூடிக்கொள்ளும் வகை. ஆக்டோபஸ் ரெகுலேட்டரை (உபரியாக வைத்திருக்கும் மூச்சுக் கருவி) குழலின் வாயருகே பிடித்து, காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை அழுத்தினால் காற்று உள்ளே போகும், திரும்ப வராது. நல்ல வகை. கவனிக்க வேண்டியது அந்த உள்மடிப்பின் நீளம். ஒரு கை அகலத்துக்குக் குறைவாக இருந்தால் மடிப்பு ஒட்டாமல் கசியும். உப்பு காய்ந்து மடிப்புக்குள் மணல் சேர்ந்தாலும் அதே கதை.

மூன்றாவது, முழுக்க மூடியது: வாயால் ஊத ஒரு வால்வு, சிலவற்றில் பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) ஹோஸைச் செருக ஒரு முனை, கூடவே மிகையழுத்த வால்வு. ஒருமுறை ஊதினால் கிடந்தாலும் நின்றாலும் காற்று இருக்கும். மேலே வந்த பிறகு வாயால் ஊதி முழுதாக நிமிர்த்தலாம். எங்கள் முதல் பரிந்துரை இதற்குத்தான். மிகையழுத்த வால்வு இல்லாத மூடிய குழலைத் தொடவே கூடாது. 30 மீட்டரில் பாதி ஊதி அனுப்பினால் மேலே வரும் முன்பே கொள்ளளவைப் போல இரு மடங்காகி தையல் விட்டுவிடும். கடையிலேயே சோதிக்கலாம்: முழுக்க ஊதி, நடுவில் முழங்கையால் அழுத்துங்கள். வால்வு சீறிவிட்டு உடனே மூட வேண்டும். சீறவே இல்லை என்றாலும், சீறிய பின் மூடாமல் கசிந்தாலும் அடுத்ததை எடுங்கள். முடிந்தால் ஊதியபடியே ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தலை தொங்கியிருந்தால் ஒட்டு சரியில்லை.

அடியில் சின்ன சிலிண்டர் பொருத்திய வகையும் உண்டு. திருகினால் குழல் நிரம்பும். குளிர்ந்த நீரில் தடித்த கையுறையோடு இருப்பவருக்கு உதவும். ஒவ்வொரு முறையும் அதை நிரப்ப வேண்டும், அதன் வால்வில் உப்பு பிடிக்கும், பராமரிக்க இன்னொரு பொருள் சேர்கிறது. தேவையென்று தெரிந்தவர் மட்டும் வாங்கலாம்.

துணியைப் பொறுத்தவரை, பாலியூரித்தேன் பூசிய நைலான், வெப்பத்தில் ஒட்டிய விளிம்பு என்றால் நல்லது. வெறும் பிவிசி நாளடைவில் மடிப்பில் வெடிக்கும். நிறத்தில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது சிவப்பு. மஞ்சளைப் பல டைவிங் வட்டாரங்கள் அவசரத்துக்கு என ஒதுக்கியிருப்பதால் முதல் குழலாக மஞ்சளை வாங்காதீர்கள். ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் வெள்ளை அல்லது கறுப்பு என்று வரும் குழலையும் தவிர்த்துவிடலாம்: நீரோட்டத்தில் திரும்பிக்கொண்டால் வெள்ளைப் பக்கம் அலை நுரையோடு கலந்துவிடும். ஒளி திருப்பும் பட்டை மேல் முனையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் அதை நடுவிலும் அடியிலும் ஒட்டி விற்கிறார்கள். அடிப்பகுதி நீருக்குள் இருக்கும், யாருக்கும் பயனில்லை.

ஸ்பூல், ரீல், கயிறு

குழலைத் தேடித் தேடி வாங்கிவிட்டு, கயிற்றில் கோட்டை விடுவது மிகச் சகஜம். தோல்விகள் பெரும்பாலும் நடப்பது இங்கேதான்.

கயிறு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கனமுள்ள பின்னல் நைலானாக இருக்கட்டும். தூண்டில் நரம்பு விரலை அறுக்கும், முடிச்சும் நிற்காது. பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும் தன்மையுள்ளது. தளர்ந்த கயிறு நீர்மட்டத்தில் வளையம் வளையமாகப் பரவி ப்ரொப்பெல்லரில் சுற்றும். நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டத்தில் கயிறு நேராக நிற்காது. 45 பாகை சாய்ந்தால் 20 மீட்டர் ஆழத்துக்கு 28 மீட்டர் கயிறு வேண்டும். எனவே 30 மீட்டர் ஸ்பூல் என்பது ஓட்டமுள்ள நீரில் 20 மீட்டர் டைவுக்கான ஸ்பூல். 30 மீட்டர் ஆழம் போகிறவருக்கு 45 மீட்டர். 15 மீட்டர் ஸ்பூல் பார்க்க அடக்கமாக இருக்கும், பாக்கெட்டில் அழகாக உட்காரும். 5 மீட்டரிலிருந்து அனுப்புவதற்கு மட்டுமே அது போதும்.

ஸ்பூலில் பார்க்க வேண்டியவை: நடு ஓட்டையில் கையுறை போட்ட இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தால் பிசிறு இருக்கக் கூடாது. அந்தப் பிசிறுதான் ஓடும் கயிற்றை அறுக்கும். கயிற்றின் வெளிமுனையில் உள்ள கண்ணி, ஸ்பூலே உள்ளே நுழைந்து வரும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். ஏனென்றால் கண்ணியைக் குழலின் வளையத்துக்குள் விட்டு, அதன் வழியே ஸ்பூலைக் கடத்தி இறுக்குவதுதான் கட்டும் முறை. கிளிப் தேவையில்லை, அவிழவும் அவிழாது. உள்முனை ஸ்பூலோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று கயிற்றை முழுக்க உருவிப் பார்த்தே தீர வேண்டும். வெறுமனே சுற்றி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கயிறு தீர்ந்ததும் குழல் தனியே போய்விடும். கூட வரும் இருமுனைக் கிளிப் ஒன்பது பத்து செ.மீ. நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் விரலுக்கு அடங்கும்.

ராட்செட் ரீல் (கைப்பிடியால் சுற்றும், பின்னோக்கிச் சுழலாமல் பூட்டும் வகை) சுற்றுவதற்குச் சுகம். ஆழமான, நீண்ட நிறுத்தங்கள் உள்ள டைவுக்கு அதன் பயன் புரியும். ஆனால் வட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கயிறு நழுவி உட்கார்ந்துவிட்டால் ரீல் பூட்டிக்கொள்ளும். குழல் மேலே பாய்ந்துகொண்டிருக்கும்போது பூட்டினால் அது உங்களையும் தூக்கும். இடைவெளி கயிற்றின் கனத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று கடையில் பார்த்து வாங்குங்கள். முதல் கருவி வாங்குபவருக்கு ஸ்பூலே மேல். அசையும் பாகமே இல்லாத பொருளில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை.

அனுப்பும் விதம்

கருவியை எவ்வளவு பார்த்து வாங்கினாலும் அனுப்பும் கை சரியில்லை என்றால் வீண். மிதப்பைச் சமநிலைப்படுத்தி, கூட்டாளியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, முதலில் மேலே பாருங்கள். தலைக்கு மேல் இன்னொரு டைவரோ படகின் அடியோ இருந்தால் காத்திருங்கள். குழலை விரித்து, ஸ்பூலில் கிளிப்பை எடுத்துவிட்டு, கயிற்றில் ஒரு மீட்டருக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கிளிப்பை உடனே இடுப்பு வளையத்தில் மாட்டிவிடுங்கள். கையிலே வைத்திருந்தால் கயிறு அதைச் சுற்றும்.

ஊதும்போது நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போகும். உங்கள் நுரையீரலில் இருந்த காற்றையே குழலுக்கு மாற்றினால் மொத்த மிதப்பு மாறுவதில்லை. நீங்கள் எழும்ப மாட்டீர்கள். ஆக்டோபஸாலோ பிசிடி ஹோஸாலோ நிரப்பினால் அது சிலிண்டரிலிருந்து வரும் புதுக் காற்று. நாலு லிட்டர் போனால் நாலு கிலோ தூக்கும். அதனால் அந்த முறையில் ஒரே அழுத்தில் நிரப்பி உடனே விட்டுவிட வேண்டும்; பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிரப்புகிறவர்கள்தான் குழலோடு மேலே போகிறார்கள். அப்படி நிரப்பிய குழலைக் கைவிட்டதும் பழைய சமநிலைக்கே திரும்புவீர்கள். வாய்மூச்சால் ஊதியிருந்தால், குழலைக் கைவிட்டதும் அதில் சேர்ந்த மிதப்பு உங்களை விட்டுப் போகும். கொஞ்சம் இறங்குவீர்கள், அடுத்த மூச்சை இழுத்ததும் சரியாகிவிடும். அதற்குப் பதறி பிசிடியில் காற்றைத் தட்டி ஏற்ற வேண்டாம். குளிர்ந்த நீரில் ஆக்டோபஸ் உறைந்து நிற்காமல் கொட்டத் தொடங்கலாம். அங்கே வாயால் ஊதுவதே பாதுகாப்பு.

ஸ்பூலின் நடு ஓட்டையில் ஆள்காட்டி விரலையும் எதிர்ப்பக்கம் கட்டைவிரலையும் வைத்து, கையை முகத்துக்கு எதிரே நீட்டிச் சுழல விடுங்கள். சிக்கினால் கையை விட்டுவிடுங்கள். ஸ்பூல் இன்னொன்று வாங்கலாம். எந்த நிலையிலும் கயிற்றை உங்கள் உடம்பிலோ பிசிடியிலோ மாட்டி வைக்காதீர்கள்: ஒரு படகின் ப்ரொப்பெல்லர் கயிற்றைச் சுற்றி இழுத்தால், கையில் இருப்பதை விட முடியும், உடம்பில் மாட்டியிருப்பதை விட முடியாது.

படகுகள் மிகுந்த இடத்தில் 5 மீட்டர் வரை காத்திருக்காமல் அடியிலிருந்தே அனுப்புங்கள். 18 மீட்டரில் அனுப்பிவிட்டால் உங்கள் தலை தெரிவதற்கு நாலு நிமிடத்துக்கு முன்பே குழல் மேலே நிற்கிறது. அந்த நாலு நிமிடத்தில் சுற்றுவட்டாரப் படகுகள் அதைப் பார்த்து விலகிக்கொள்கின்றன. ஏறும்போது கயிற்றைச் சுற்றிக்கொண்டே, எப்போதும் இறுக்கமாக வைத்து ஏற வேண்டும். கயிறு தளர்ந்தால் குழல் படுத்துவிடும். படுத்த குழலைப் படகிலிருந்து பார்த்தால் குப்பையா மிதவையா என்று தெரியாது. கடைசி ஐந்து மீட்டரில் ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார்த்துக் காது கொடுங்கள். சத்தம் பெருத்துக்கொண்டே வந்தால் ஏற வேண்டாம். திரும்ப இறங்கக் காற்று இருக்க வேண்டும் என்பதற்காகவே கடைசி 50 பாரைத் தொடாமல் வைப்பது. மேலே வரும்போது குழலுக்குக் கை எட்டும் தூரத்தில் வாருங்கள்.

ஆறு பேர் ஒரே குழலின் கீழ் ஏறுவது பல இடங்களில் வழக்கம். கடைசி ஆள் முப்பது மீட்டர் தள்ளி மேலே வந்தால் அந்தக் குழல் அவருக்கு எதுவும் செய்யவில்லை. குழல் ஆளுக்கொன்று கையில், அனுப்புவது ஜோடிக்கு ஒன்றாவது.

கொடிகளும் இழுவை மிதவையும்

ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள், ஓட்டம் குறைவு, கரையிலிருந்து நீந்திப் போகிறோம் என்றால் டைவ் முழுக்க மேலே நிற்கும் இழுவை மிதவை சிறந்தது. டார்ப்பிடோ வடிவம், அதன்மேல் சிறு கம்பம், அடியில் எடை. வாங்கும்போது கொடியை அல்ல, அடி எடையைப் பாருங்கள். எடை போதாவிட்டால் கம்பம் காற்றில் படுத்துவிடும். கொடிக்குள் விறைப்புக் கம்பி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில்லாத நாளில் நனைந்த துணி மாதிரி கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி விறைப்பாக நிற்கும் கொடிக்கும் ஒரு குறை உண்டு: காற்றடிக்கும் திசையிலிருந்தும் அதன் எதிர்த்திசையிலிருந்தும் வரும் படகுக்கு அதன் விளிம்பு மட்டுமே தெரியும். மூன்று அல்லது நாலு பக்கமும் கொடி அச்சிட்ட பெட்டி வடிவ மிதவை இதற்காகவே வந்தது. படகுகள் எல்லாப் பக்கமிருந்தும் வரும் ஏரிக்கு அதையே சொல்வோம். இழுக்கும்போது தண்ணீர் அதிகம் தடுக்கும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஃபுளோரிடா விதிப்படி மிதவையில் உள்ள கொடிக்கு 12க்கு 12 அங்குலம், படகில் உள்ளதற்கு 20க்கு 24 அங்குலம் குறைந்த அளவு. உங்கள் நீர்நிலையின் விதி அளவு எதையும் சொல்லாவிட்டால் இதையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கொடி? சிவப்பில் வெள்ளைக் குறுக்குப் பட்டை டைவர் இருக்கும் இடத்தைக் காட்டுவது. அமெரிக்காவில் தோன்றிப் பல நாடுகளில் பரவியது. நீலமும் வெள்ளையுமான, வால் பிளந்த ஆல்ஃபா கொடி சர்வதேச சைகைக் குறியீட்டில் உள்ளது. "என்னிடம் நீருக்குள் ஆள் இருக்கிறார், மெதுவாக, நன்றாக விலகிப் போ" என்பது அதன் பொருள். 1972ஆம் ஆண்டின் சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகளில் 27ஆம் விதி, டைவிங் வேலையில் உள்ள சிறு படகு குறைந்தது ஒரு மீட்டர் உயரமுள்ள இதன் விறைப்பான வடிவம் ஒன்றை எல்லாப் பக்கமும் தெரியும்படி வைக்கச் சொல்கிறது. இரவில் மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்கு. துணிக் கொடியை மட்டும் கட்டிவிட்டு விதி முடிந்தது என்று நினைக்கும் படகுகள் ஏராளம். உள்நாட்டு நீர்நிலைகளுக்குத் தனி விதி இருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டைவர் எல்லாரும் ஏறியதும் கொடியை இறக்குங்கள். நாள் முழுக்கப் பறக்கும் கொடியைப் படகோட்டிகள் மதிக்காமல் போவதற்குக் காரணம் அவர்கள் மட்டுமல்ல.

இழுவை மிதவைக்குக் கயிறு ஆழத்தைவிடச் சற்றே அதிகம் போதும். 8 மீட்டருக்குப் பத்து. மிச்சக் கயிறு மேலே மிதந்தால் அது ப்ரொப்பெல்லருக்கு வைத்த கண்ணி.

மற்றவை

விசில் ஒன்று பிசிடியில் இருக்கட்டும், ஆனால் இன்ஜின் ஓடும் படகில் அது கேட்காது. பிசிடி ஹோஸில் இணைக்கும் காற்று ஹாரன் (டைவ் அலர்ட் போன்றவை) கேட்கும். சிலிண்டரில் காற்று இருக்கும்வரை. காதுக்கு மிக அருகில் அடிக்காதீர்கள். இரவில் குழலுக்குள் விளக்கைச் செருகும் பை இருந்தால் முழுக் குழலும் ஒளிரும், அது மிகவும் பயனுள்ள அமைப்பு. மின்னும் ஸ்ட்ரோபை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐஎஸ் பீக்கன்களைப் பற்றி (இருக்கும் இடத்தை ரேடியோவில் கப்பல்களுக்கு அறிவிக்கும் கருவி, நாட்டிலஸ் லைஃப்லைன் போன்றவை) தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பொருள், அடித்துச் செல்லப்பட்டவரைக் கண்டுபிடிக்கும். ஆனால் அது விஎச்எஃப் அலைவரிசையில் ஏஐஎஸ் கருவி வைத்திருக்கும் கப்பல்களுக்கே செய்தி சொல்கிறது. உங்கள் தலைக்கு மேல் வரக்கூடிய வேகப் படகிலும் நீர் ஸ்கூட்டரிலும் பெரும்பாலும் அந்தக் கருவி இராது. பீக்கன் வாங்கிவிட்டோம் என்று குழலைப் படகிலேயே விட்டுப் போவது தவறான பேரம்.

பராமரிப்பு

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், குழலின் உள்ளேயும் கொஞ்சம் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். வால்வுகளைக் கையால் திறந்து நீர் ஓட விடுங்கள். மிகையழுத்த வால்வின் ஸ்பிரிங்கில் உப்பு உறைந்தால் அது திறக்காது. நிழலில், பாதி ஊதிய நிலையில் உலர்த்தி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் மடியுங்கள். ஸ்பூல் கயிற்றை மாதம் ஒருமுறை முழுக்க உருவி விரலுக்கிடையில் ஓட விடுங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்ட இடத்திலேயே வெட்டி, புதுக் கண்ணி போட்டுக்கொள்ளலாம். விளிம்பு ஒட்டு விட்டுப் போன குழலுக்குப் பசை போட்டு நம்பாதீர்கள், பயிற்சிக் குளத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஆரஞ்சு வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டால் காற்று கசியாமல் நின்றாலும் மாற்ற வேண்டியதுதான்.